ஓலை போட்டு மூடிய பனிமலை

கலைத்துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "சார், அந்தத் தொடரோட கடைசி எபிசோடுல ஒரு பனிமலை வருமே, அது எந்த நாடு?" இத்தனை நாள் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது ஓய்வு பெற்றாகிவிட்டது, இனி என்னை யாரும் வேலையை விட்டுத் தூக்க முடியாது. அதனால் சொல்லிவிடுகிறேன். அந்த நாடு தூத்துக்குடி முத்தையாபுரத்திலிருந்து ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷம். ஆட்டோக்காரர் பேரம் பேசினால் பதினைந்து.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது ஒரு துப்பறியும் தொடர். வாரம் ஒரு கொலை, ஒரு இன்ஸ்பெக்டர். கடைசி எபிசோடில் கொலைகாரன் பனி கொட்டும் ஒரு நாட்டுக்கு ஓடிவிடுகிறான். இன்ஸ்பெக்டர் தேடிப் போகிறார். அங்கே பனிக்குள் புதைந்து ஒரு பிணம் கிடக்கிறது. எந்த நாடு என்று வசனத்தில் சொல்ல வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். சொல்லிவிட்டால் அந்த நாட்டுக் கொடியைத் தைக்க வேண்டும், போலீஸ் தொப்பியைத் தைக்க வேண்டும், எல்லாம் கலை இயக்குநரான என் தலையில்தான் விடியும்.

தயாரிப்பாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார். வெளிநாடு வேண்டும், ஆனால் ஒருத்தரும் விமானம் ஏறக் கூடாது. இயக்குநர் பச்சைத் துணி கட்டி எடுத்து, பனியைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம் என்றார். நான் மேசையைத் தட்டினேன். "சார், தூத்துக்குடியில உப்பு மலை மலையாக் கிடக்கு. நான் வேம்பார்க்காரன். உப்பளத்துக்குப் பக்கத்துலயே வளர்ந்தவன். நிஜமான பனி மாதிரி கொண்டு வந்து காட்டுறேன்." இயக்குநர் வயதில் என் மகனைவிடச் சின்னவர். என்னை நம்பினார். அதுதான் வினையே.

இன்னொரு சிக்கல். இன்ஸ்பெக்டராக நடித்தவருக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது. மறுநாள் வேறொரு படத்துக்காக அவர் மொட்டை போடப் போகிறார். மொட்டை போட்டபின் அவர் எங்கள் இன்ஸ்பெக்டர் இல்லை. அந்த ஒரு நாளில் பனிமலைக் காட்சி முடியாவிட்டால் தொடருக்கு முடிவே கிடையாது, அடுத்த பாகமும் கிடையாது.

ஒரு ஊரை வெளிநாடாக்குவது உண்மையில் சுலபம். மறைத்துக்கொண்டே போக வேண்டும். கடற்கரைச் சாலைப் பக்கம் பழைய பங்களா ஒன்றை ஒட்டிய குறுகிய சந்து ஒன்றை ஒரே மத்தியானத்தில் வெளிநாட்டுத் தெருவாக்கினோம். தமிழ் எழுத்தை மறைத்தோம், கட்சிச் சுவரை மறைத்தோம், கொடியில் காய்ந்த கைலியை மறைத்தோம். ஒரு மாடு மட்டும் எவ்வளவு விரட்டியும் நகரவில்லை. கடைசியில் இயக்குநர், "விடுங்க சார், அந்த நாட்டுலயும் மாடு இருக்கும்" என்று சொல்லிவிட்டார். எபிசோடை மறுபடி பார்த்தால் வலது ஓரத்தில் அதன் வால் தெரியும்.

உப்பள முதலாளியைப் பார்க்கப் போனேன். அறுபத்தைந்து வயதிருக்கும், முறுக்கிவிட்ட மீசை. ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நானும் வேம்பார்க்காரன்தான் என்று சொல்லிக்கொண்டு அப்படியே கூப்பிட்டேன். சாலையோர மேட்டில் அவருடைய உப்பு ஆறு பெரிய அம்பாரங்களாகக் குவிந்திருந்தது. ஒவ்வொன்றும் ஒரு வீட்டு உயரம். பார்த்ததும் எனக்குக் குளிரவே ஆரம்பித்துவிட்டது.

"எடுத்துக்கோங்க தம்பி" என்றார். "ஆனா எனக்கும் ஒரு வேஷம் வேணும்."

அந்த மீசையை எந்த நாட்டில் கொண்டுபோய் வைப்பது? வெளிநாட்டுப் போலீஸாக நிறுத்தினால் முதல் ஷாட்டிலேயே சாயம் வெளுத்துவிடும். கொஞ்சம் யோசித்து, "அண்ணாச்சி, கதையே சுத்திச் சுத்தி வர்ற ஒரு வேஷம் இருக்கு. அவரைப் பத்திதான் எல்லாரும் பேசுவாங்க" என்றேன்.

"என்ன வேஷம்?"

"பிணம்."

அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. "வசனம் கிடையாதுல்லா? அப்பம் நமக்குச் சரிப்படும்" என்றார். குப்புறப் படுக்க வேண்டும் என்பதை நான் அப்போது சொல்லவில்லை.

பிறகு வாசல் பக்கம் திரும்பி, "ஏளா செல்லக்கனி!" என்று கூப்பிட்டார். வந்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, வெள்ளை வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி. அந்த அளத்தில் பன்னிரண்டு பேருக்கு மேஸ்திரி அவள்தான். அண்ணாச்சி என் முன்னாலேயே சொன்னார்: "இவங்க சினிமா எடுக்க வாராங்க. என்ன வேணும்னாலும் செஞ்சு குடு. ஆனா உப்புக்கு நீதான் பொறுப்பு. ஒரு மழைக்கு நனைஞ்சுதுன்னா மறுநாள்லேருந்து நீ வர வேண்டாம். போன மேஸ்திரியை எதுக்கு அனுப்புனேன்னு தெரியும்லா?"

"தெரியும் முதலாளி" என்றாள் செல்லக்கனி. அவள் கண்ணாடிக்குள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் முழுக்க அவளுடைய ஆட்கள் உப்பு வாரும் பலகையை வைத்து ஆறு அம்பாரத்தையும் சரித்து, வழித்து, காற்று செதுக்கிய பனிச்சரிவு போலவே ஆக்கித் தந்தார்கள். நான் சொல்வதற்கு முன்னாலேயே கை போய்விடும். சாயங்காலம் கிளம்பும்போது செல்லக்கனியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "நாளைக்குக் காலையில நான் வர்ற வரைக்கும் இதுமேல ஒரு காக்கா உட்காரக் கூடாது."

"உட்காராது சார்."

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய் இறங்கினேன். காக்கா உட்காரவில்லை. பனிமலையும் இல்லை.

ஆறு அம்பாரமும் உச்சி முதல் அடி வரை பனையோலையால் மூடி, குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டு, நுனியில் கல் கட்டி இறுக்கியிருந்தது. ஆறு பெரிய குடிசைகள் வரிசையாக நிற்பது போல இருந்தது. பன்னிரண்டு பேரும் பக்கத்தில் நின்று வேர்வை துடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும் பெருமை.

"என்ன இது?" என்று கத்தினேன்.

"மழை வருது சார்" என்றாள் செல்லக்கனி. "விடியக்காலம் எந்திரிச்சிப் பாத்தேன், கடல் பக்கம் கறுத்துக் கெடந்துச்சு. எல்லாத்தையும் எழுப்பிக் கூட்டியாந்துட்டேன். நீங்க சொன்ன மாதிரி ஒரு பொட்டு கலையாம மூடியிருக்கோம்."

அவள் மேல் என்ன தப்பு? உப்பளத்துக்காரர்களுக்கு வெள்ளையாக ஒன்று குவிந்து கிடந்து, வானமும் கறுத்தால், கை தானாக ஓலைக்குப் போய்விடும். அது இன்றைக்குப் பனி என்பதை அவர்கள் கைக்குச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இவ்வளவு நியாயம் எங்கே தெரிந்தது? இன்னும் ஒரு மணி நேரத்தில் வண்டிகள் வந்துவிடும். இயக்குநர் இறங்கி, ஆறு குடிசையைப் பார்த்து, "பனி எங்க சார்?" என்று கேட்பார்.

"எல்லா ஓலையையும் எடுங்க. ஆறையும் திறங்க."

"சார், மழை..."

"இது பங்குனி மாசம். பங்குனியில இங்க மழையா? நான் வேம்பார்ல பிறந்தவன்மா. இந்த வானம் எனக்குத் தெரியாதா?"

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "வேம்பார்ல இருந்து எப்பம் போனிய சார்?"

"பதினெட்டு வயசுல."

"அதான்" என்றாள்.

பின்னால் நின்ற பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

"முதலாளிட்ட மூடியாச்சுன்னு போன்ல சொல்லிட்டேன் சார்" என்று அவள் தணிந்த குரலில் சொன்னாள். "இப்பம் தொறந்து, நனைஞ்சு போச்சுன்னா நாளைக்கு எனக்கு வேலை கெடையாது. படம் புடிக்க ஒண்ணு போதும்லா? ஒண்ணை மட்டும் தொறக்கட்டுமா?"

ஒன்று போதும் என்பதுதான் உண்மை. ஆனால் என் மனசில் மலைத்தொடரே ஓடிக்கொண்டிருந்தது. "ஆறும் வேணும். நனையாது. நனைஞ்சா நான் பொறுப்பு" என்றேன்.

நான் பொறுப்பு. நம் தொழிலில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற வார்த்தை. வெயிலில் நின்றுகொண்டு சொல்ல ரொம்ப லேசாக இருக்கும்.

ஓலைகளை எடுத்தார்கள். ஏழரை மணிக்கு மேகம் கலைந்து சுள்ளென்று வெயில் அடித்தது. நான் செல்லக்கனியைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக வெட்கமாக இருக்கிறது. அவள் திரும்பிச் சிரிக்கவில்லை, கிழக்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் வந்து இறங்கி, அப்படியே வாயைப் பிளந்தார். "சார், இது நம்ம ஊரே இல்ல சார்!" இன்ஸ்பெக்டர் கனத்த ஓவர்கோட்டும் கம்பளிக் குல்லாவும் போட்டுக்கொண்டு குளிரில் நடுங்க வேண்டும். மூக்கு நுனியில் வேர்வை சொட்டிக்கொண்டே இருந்தது. மேக்கப்காரர் ஷாட்டுக்கு ஷாட் துடைத்தார். வாயிலிருந்து வர வேண்டிய குளிர்ப் புகையைப் பிறகு கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொண்டோம்.

அண்ணாச்சி தன் காரிலிருந்து இறங்கி நேரே மேக்கப் வேனுக்குள் போனவர்தான், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோட்டு, கையுறை, குல்லா எல்லாம் மாட்டி, பலவிதமாக நின்று செல்ஃபி எடுத்தார். சொந்த உப்பு திறந்து கிடப்பது அவர் கண்ணிலேயே படவில்லை. குப்புறப் படுக்க வேண்டும் என்றதும் முகம் சுருங்கியது. "அப்பம் நான்தான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். தெரிந்தவர்களுக்கு முதுகைப் பார்த்தாலே தெரியும் என்று சமாதானம் சொல்லிப் படுக்க வைத்தேன். மேலே உப்பைத் தூவி, கையுறை போட்ட ஒரு கை மட்டும் வெளியே நீட்டும்படி விட்டோம். அருமையான பிணம், மூச்சுகூட விடவில்லை.

பதினோரு மணி. இன்ஸ்பெக்டர் மண்டியிட்டு, அந்தக் கையைத் தொட்டு, "இவன் செத்து ரெண்டு நாள் ஆகுது" என்று சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் முன்கையில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். கடல் பக்கத்து வானம் முழுக்க எங்கள் தலைமேல் வந்து நின்றிருந்தது. அடுத்த நிமிஷம் சடசடவென்று பிடித்துக்கொண்டது.

செத்து இரண்டு நாள் ஆன பிணம் துள்ளி எழுந்தது. "ஏலே! உப்பு கரையுதுலே! ஓலையைக் கொண்டாங்கலே!" இன்ஸ்பெக்டர் மல்லாந்து விழுந்தார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் காட்சி இன்னும் எங்கள் எடிட்டரிடம் பத்திரமாக இருக்கிறது, மனசு சரியில்லாத நாளில் போட்டுப் பார்ப்பாராம்.

செல்லக்கனி அதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிட்டாள். அண்ணாச்சி சுற்றிலும் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "ஏளா செல்லக்கனி! மூடியாச்சுன்னுல்லா போன்ல சொன்ன? படத்துக்கு ஒண்ணு போதுமே, இத்தனை தொறந்து கெடக்கு! எவ தொறந்தா?"

தலையில் ஓலைக் கட்டோடு அவள் நின்றாள். என்னைப் பார்த்தாள்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நான் சும்மா நின்றேன். அண்ணாச்சி கோபத்தில் எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டால் படப்பிடிப்பு முடிந்தது, இன்ஸ்பெக்டர் நாளைக்கு மொட்டை, தொடர் அவ்வளவுதான். இயக்குநர் என் தோளுக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்குவது கேட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் பழி அவள் மேல் போய்விடும், எங்கள் வேலை நடந்துவிடும். இந்தக் கணக்கெல்லாம் நான் போட்டேன். மூன்று நொடியோ நான்கு நொடியோ இருக்கும். அவள் கண்ணாடி போடவில்லை, அதனால் நான் கணக்குப் போடுவதை அவள் பார்த்துவிட்டாள். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"அண்ணாச்சி, நான்தான். அந்தம்மா மழை வரும், ஒண்ணு மட்டும் திறக்கட்டுமான்னு கேட்டாங்க. நான்தான் ஆறையும் திறக்கச் சொன்னேன்."

உப்பு ஒட்டிய மீசையோடு அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏலே, நீ வேம்பார்க்காரன்னுல்லாலே சொன்ன?"

அவர் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நின்னுக்கிட்டு என்ன பாக்கிய? ஓலையைத் தூக்குலே!" என்று அடுத்த அதட்டல் போட்டார். தூக்கினேன். இயக்குநர் தூக்கினார். மேக்கப்காரர், லைட்மேன்கள், ஓவர்கோட்டோடு இன்ஸ்பெக்டர், கையுறையோடு பிணம், எல்லாரும் தூக்கினோம். எங்களுக்கு அது என்ன தெரியும்? ஓலை காற்றில் பறந்து முகத்தில் அடித்தது. செல்லக்கனியின் ஆட்கள் எங்கள் கையிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி மேலே ஏறி அடுக்கினார்கள். முடிந்தபோது இன்ஸ்பெக்டரின் உள்ளங்கையை ஓலை மட்டையின் ரம்பம் போன்ற பனங்கருக்கு கிழித்திருந்தது. அதையும் கதையில் சேர்த்துக்கொண்டோம்.

இருபது நிமிஷத்தில் மழை விட்டது. முன்னால் நின்ற அம்பாரங்களின் ஓலையை விலக்கிப் பார்த்தேன். மேல்தோல் மட்டும் கரைந்து, பொரிந்து, சாம்பல் நிறத்தில் நின்றது. உப்பு தப்பித்துவிட்டது. என் பனி போய்விட்டது. அம்மைத் தழும்பு விழுந்த அந்த மேட்டைக் காட்டி எந்த நாடு என்று சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். இயக்குநர் ஈரத்தோடு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கடலைப் பார்த்தேன்.

செல்லக்கனி அண்ணாச்சியிடம் போனாள். "முதலாளி, பின்னால ரெண்டு அம்பாரத்தை நான் தொறக்கவே இல்ல. சாரு ஆறுன்னாரு. எனக்கு மனசு கேக்கல, நாலைத்தான் தொறந்தேன். அந்த ரெண்டும் நேத்து செஞ்ச மாதிரியே கெடக்கு. சாருக்கு அது போதும்லா?"

எனக்குப் பின்னால் இரண்டு குடிசை அப்படியே இருந்ததைக் காலையிலிருந்து நான் கவனிக்கவே இல்லை. ஆறு கேட்டவனுக்கு எண்ணிப் பார்க்கத் தெரியவில்லை.

அண்ணாச்சி மீசையில் இருந்த உப்பைத் தட்டிவிட்டார். அவருக்குள் முதலாளியும் நடிகரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். கடைசியில் நடிகர் ஜெயித்தார். "சரி. ஆனா ஒண்ணு தம்பி. இனிமே இவ தொறன்னாத்தான் தொறக்கணும், மூடுன்னா மூடணும். உங்க டைரட்டரு சொல்லுதது எதுவும் இங்கன நடக்காது" என்றார்.

அதன்பிறகு நடந்ததைப் போல ஒரு படப்பிடிப்பை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் இயக்குநர் கைகட்டி நின்று, "அம்மா, திறக்கலாமா?" என்று கேட்பார். செல்லக்கனி இடுப்பில் கை வைத்துக் கிழக்கே பார்ப்பாள். "இப்பம் வேண்டாம்." நாங்கள் எல்லாரும் காத்திருப்போம். "ம், தொறங்க. வெரசா எடுங்க." எடுப்போம். ஒருமுறை இன்ஸ்பெக்டர் வசனத்தின் நடுவில் இருக்கும்போதே "மூடு!" என்று ஒரு குரல் வந்தது. இயக்குநர் கட் சொல்வதற்குள் ஓலை ஏறிவிட்டது. இரண்டு நிமிஷத்தில் தூறல் விழுந்தது. அதற்குப் பிறகு இயக்குநர் கட் சொல்வதையே விட்டுவிட்டார்.

ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்தது. அண்ணாச்சி மறுபடி அழகாகச் செத்தார். இன்ஸ்பெக்டர் நேரே விமான நிலையம் போய், மறுநாள் மொட்டை அடித்துக்கொண்டார்.

கிளம்பும்போது செல்லக்கனியிடம் போனேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போனேன். "காலையில நான் ஒரு நிமிஷம் பேசாம நின்னுட்டேன்" என்றேன்.

"பாத்தேன் சார்" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா பொறவு சொன்னியள்லா" என்றாள். பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்தாள்.

இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான். எந்த ஊருக்குப் படம் எடுக்கப் போனாலும் அங்கே வானத்தைப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் இருப்பார். கேமராவை இறக்குவதற்கு முன்னால் அவரைக் கண்டுபிடித்து, அவர் பேச்சைக் கேளுங்கள். நானும் இந்த ஊர்தான் என்று அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். "நான் பொறுப்பு" என்று வாயை விட்டுவிட்டால், யார் செய்தது என்று கேட்கிற நேரத்தில் நான்கு நொடி தாமதிக்காதீர்கள். அந்த நான்கு நொடி எனக்கு இன்னும் தீரவில்லை.

எபிசோடு ஒளிபரப்பானது. அடுத்த பாகத்துக்கும் அனுமதி கிடைத்தது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது, என் பெயருக்குக் கீழே இயக்குநர் யாரிடமும் சொல்லாமல் ஒரு வரி சேர்த்திருந்தார். "வானிலை: செல்லக்கனி." அண்ணாச்சி மறுநாளே போன் செய்து சண்டை பிடித்தார். "அவ பேரைப் போட்டிய, செத்தவன் பேரு எங்க தம்பி?"

அவருக்குப் பிறகு செல்லக்கனி கூப்பிட்டாள். பேர் வந்ததைப் பற்றிச் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

"அளத்துல எல்லாரும் சேந்துதான் பாத்தோம் சார். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த ஊர்க்காரனுவ என்ன மனுசனுவ? அம்புட்டு சரக்கும் வெள்ளை வெளேர்னு தொறந்து கெடக்கு, வானமும் கறுத்து வருது, ஒருத்தன் ஒரு ஓலையைத் தூக்கல. அங்கன ஆளு வேணும்னா சொல்லுங்க. நாங்க பன்னெண்டு பேரும் இங்கனதான் இருக்கோம்."